முதல் வரியில் பூட்டிய கதவு

சிட்னியில், பரமற்றாவுக்குப் பக்கத்தில் ஒரு உணவுக் களஞ்சியத்தின் குளிர் அறையில் ஆறு வருடம் பெட்டி அடுக்கினேன். விரல் நுனி விறைத்துவிடும். வீட்டில் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, கட்டளைகளைக் கொப்பியில் எழுதிப் படித்தேன். ஆங்கிலம் அவ்வளவு வராது. ஒவ்வொரு வரிக்கும் கீழே அது என்ன செய்யும் என்று தமிழில் எழுதியிருந்தேன்.

முதலாளிக்கு இது தெரியவந்தது. மெல்பேர்னில், மல்கிரேவ் கிளையில் இருந்த சேர்வர் கணினிக்குக் காவல் போடச் சொன்னார். வெளியாட்கள் நெட்வேர்க் வழியாக உள்ளே வராமல் தடுக்கிற விதிகள். சிட்னியில் இருந்தபடியே செய்யவேண்டும். சரிவந்தால் இனி மேல்மாடியில் வேலை. பிழை வந்தால் திரும்பக் குளிர் அறை. பதினொரு மணிக்கு அங்கிருந்து கடைக்காரரின் சரக்கு ஓடர்கள் வரத் தொடங்கும். அதற்குள் முடிக்கவேண்டும்.

கொப்பியில் இருந்த ஒழுங்கிலேயே அடித்தேன். முதல் வரி: எல்லாக் கதவையும் பூட்டு. இரண்டாவது: எனக்கு ஒரு கதவைத் திற. இரண்டாவது வரி திரையில் ஏறவேயில்லை. வீட்டில் கணினிக்கு முன்னாலேயே இருந்து படித்தவன். அங்கே அந்த ஒழுங்கில் பிழை வரவில்லை. இங்கே நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பூட்டியிருந்தேன்.

மணி பத்து நாற்பது. மல்கிரேவுக்குப் போன் எடுத்தேன். அங்கே களஞ்சியம் பார்த்தவர் தமிழ்நாட்டுப் பெண். பில் அடிப்பார், கணினியில் வேறொன்றும் தெரியாது. சேர்வருக்கு முன்னால் போய் நிற்கச் சொன்னேன்.

“அண்ணே, நான் தொட்டு இது வெடிச்சா யார் பொறுப்பு?”

“வெடிக்காது தங்கச்சி. சொல்லுறதை மட்டும் அடியுங்கோ.”

கடவுச்சொல்லையும் பூட்டைத் திறக்கிற கட்டளையையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஏதோ இங்கிலீசில் திட்டுகிறது என்றார். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஓரிடத்தில் இடைவெளி விடவில்லை. திரும்ப அடித்தார். இப்போது கணினி ஒன்றும் சொல்லவில்லை என்றார். ஒன்றும் சொல்லாவிட்டால் சரி. காத்திருந்தேன். பத்து ஐம்பத்திரண்டுக்கு, நான் முன்பு அடித்த இரண்டாவது வரி மொத்தமாக என் திரையில் வந்து விழுந்தது.

முதலாளி வந்து முடிந்ததா என்று கேட்டார்.

“இல்லை. என்னை நானே வெளியில விட்டுப் பூட்டிப்போட்டன். அங்கை அந்தப் பிள்ளைதான் திறந்தவ.”

இனியும் அப்படி நடக்காதென்று என்ன நிச்சயம் என்றார். ஐந்து நிமிடத்தில் விதிகள் தானாக அழியும்படி முதலே ஒரு கட்டளை போட்டுவிட்டு, பிறகு பூட்டுவேன் என்றேன்.

“அதை ஏன் முதலே செய்யேல்லை?”

“அப்ப தெரியாது.”

செய் என்றார். பக்கத்திலேயே நின்றார். அந்தக் கட்டளையைப் போட்டேன். எனக்கு ஒரு கதவை முதலில் திறந்தேன், பிறகு பூட்டினேன். இந்த முறை திரை நிற்கவில்லை. ஐந்து நிமிடம் முடியுமுன் அந்த அழிக்கிற கட்டளையை நீக்கினேன்.

பதினொன்று ஐந்துக்கு முதல் ஓடர் வந்தது. குளிர் அறைக் கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேல்மாடிக்கு வரச் சொன்னார். கொடுத்தேன்.