இலை போட்ட பிறகு ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு

சனிக்கிழமை மாலை. சுபாங் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. கிள்ளானில் என் கல்லூரித் தோழியின் வீட்டில் தங்க ஏற்பாடு. அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் முனியாண்டி டாக்ஸி ஓட்டுகிறவர். குடையோடு வந்து நின்றவர் என் பெட்டியை நனையாமல் ஏற்றிவிட்டு, தான் முழுக்க நனைந்தார்.

எண்பதுகளின் கடைசி அது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் தெரிந்த நாங்கள் சிலர் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் பள்ளி மாணவர்களுக்கு பேசிக் மொழியில் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்து வந்தோம். சம்பளம் கிடையாது, ஆசைதான். முதல் மாதம் நிற்க இடமில்லை. ஆறாம் மாதம் நாங்கள் பேசியதை மின்விசிறிதான் கேட்டது. கடல் தாண்டி இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் நம் தமிழர்கள் இதே மாதிரி ஒரு சங்கம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களிடமாவது ஏதாவது வழி இருக்குமா என்று பார்க்கத்தான் கைக்காசைப் போட்டு வந்திருந்தேன். வெறுங்கையோடு திரும்பினால் எங்கள் வகுப்பை மூடிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

"நீங்க பார்க்க வந்த அந்த கிளாஸ்லதான் டீச்சர் என் மகளும் படிக்கிறா. தேவி. ஃபாரம் ஃபோர், உங்க ஊர்ல பத்தாவது" என்றார் முனியாண்டி.

"நல்லா வருதாங்ண்ணா?"

"போறா, வரா. ஒண்ணும் புரியலன்னு சொல்றா. நாளைக்குத்தான் கடைசி. அடுத்த வாரத்துலேருந்து கிள்ளான்லயே டைப்பிங் கிளாஸ். ஆபீஸ் வேலைக்கு அது போதும்லா."

வந்து இறங்கி அரை மணி ஆகவில்லை. இங்கேயும் இதே கதைதானா?

ஞாயிறு காலை எட்டு மணி. கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் சுமார் முப்பது கிலோமீட்டர். கூட்டரசு நெடுஞ்சாலை நம் ஊர்ச் சாலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மைதானம் போல் இருக்கிறது. ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா என்று பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மாடு குறுக்கே வராததால் எனக்குத்தான் பொழுது போகவில்லை. முன் இருக்கையில் தேவி மடியில் பையை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்தாள். என்ன புரோகிராம் எழுதுகிறாய் என்று நானாகக் கேட்டேன்.

"நம்பர் கேம், ஆன்டி. ஒண்ணுலேருந்து நூறுக்குள்ள மெஷின் ஒரு நம்பர் நெனைச்சுக்கும். நாம சொல்லிக்கிட்டே வரணும். மேலயா கீழயான்னு அது சொல்லும்."

"முடிச்சிட்டியா?"

"நான் எங்க முடிக்கிறது? சார்தான் முடிச்சாரு."

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. கீழே தே தாரிக் என்னும் ஆற்றிய டீ அறுபது காசு. இரண்டு குடித்துவிட்டு ஏறினேன். சேகர் வாசலுக்கு வந்து வரவேற்றார். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்ப்பவர், சங்கத்தின் உயிரே அவர்தான். உறுப்பினர்கள் கைக்காசைச் சேர்த்து வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்களைப் பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினார். அவற்றின் பக்கத்தில் தண்ணீர் கிளாஸ்கூட வரக்கூடாது என்று காவல் காப்பவர் லிங்கம். நல்ல மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நடந்தது என்ன? தேவி உட்கார்ந்து இரண்டு வரி அடித்தாள். மூன்றாவதில் ஏதோ பிசகி, மெஷின் 'பீப்' என்றது. அவ்வளவுதான். "நகரு, நகரு, சின்ன விஷயம்" என்று சேகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விரல்கள் பறந்தன. "பார்த்தியா? இவ்ளோதான்லா."

"ஓகே சார்" என்றாள் தேவி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடி.

அடுத்த மெஷினில் லிங்கமும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். சொல்லிக்கொடுக்கும் ஆசை தாங்காமல் கை முந்திக்கொள்கிறது. மிச்சமிருந்த நாலைந்து மாணவர்கள் சுவரோரமாக நின்று பார்த்தார்கள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

பகல் ஒரு மணி. கீழ்க்கடையிலிருந்து வாழை இலையும் சாப்பாடும் மேலே வந்தன. ஆளுக்கு மூன்றரை வெள்ளி. விருந்தாளி என்று என்னைக் கொடுக்க விடவில்லை. தரையில் பாய் விரித்து வரிசையாக இலை போட்டார்கள். மகளை அழைத்துப்போக வந்த முனியாண்டியையும் விடாமல் உட்காரவைத்தார்கள். மற்ற மாணவர்கள் கீழே போய்விட்டார்கள். தேவி மட்டும் அசையவில்லை.

"பசிக்கல" என்றாள். சேகர் காலையில் அடித்திருந்ததை முழுக்க அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து தானே அடிக்கத் தொடங்கினாள். கடைசி நாள் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

நாங்கள் சாம்பாரை முடித்து ரசத்துக்கு வந்தபோது, "அப்பா, ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள்.

"அம்பது" என்றார் முனியாண்டி, சோற்றைப் பிசைந்தபடி.

"மேலே போ."

"எழுவது."

"மேலே போ."

"தொண்ணூறு."

"மேலே போன்னுதான் சொல்லுது."

"சரி, நூறு."

தேவியின் குரல் இறங்கியது. "மேலே போ."

"நூத்துக்கு மேல எங்கம்மா போறது? கேமரன் மலைக்கா?"

எல்லோரும் சிரித்தோம், தேவியைத் தவிர. சேகர் சிரித்துக்கொண்டே எழப் பார்த்தார். "இரு வரேன், அது சின்ன விஷயம்."

"பாதி இலையில எந்திரிக்காதீங்க" என்று லிங்கம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "கை பூரா ரசம். அந்தக் கையோட மெஷின்கிட்ட போனீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்லா."

சேகர் உட்கார்ந்தார். அவர் கை சோற்றில் இருந்தது, கண்ணெல்லாம் திரையில். பாவம், பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கே விரல் துறுதுறுத்தது, ஆனால் நானும் ரசத்தில்தான் இருந்தேன். கம்ப்யூட்டர் தெரிந்த அத்தனை பேரும் எச்சில் கையோடு ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டோம். வேறு வழியில்லாமல் சேகர் வாயால் கேட்டார், "அந்த மேலே போன்னு வர்ற வரியைக் கொஞ்சம் படிம்மா. தமிழ்ல சொல்லு."

தேவி திரையில் விரல் வைத்துப் படித்தாள். "நாம சொன்ன நம்பர், மெஷின் நெனைச்ச நம்பரைவிடப் பெருசா இருந்தா…" நிறுத்தினாள். "பெருசா இருந்தா, மேலே போ." மறுபடி நிறுத்தினாள்.

சொல்லிவிடத் துடித்த லிங்கம் வாயில் அப்பளத்தைத் திணித்துக்கொண்டார்.

"ஐயோ, மாத்திப் போட்டுட்டேன். பெருசா இருந்தா கீழே வரணும்ல?" என்றாள் தேவி. யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. அந்த வரியைத் திரும்ப அடித்தாள், அடுத்ததையும் மாற்றினாள். "அப்பா, திரும்பச் சொல்லுங்க."

முனியாண்டி ஐம்பதில் தொடங்கி, மேலும் கீழுமாகப் போய், மோர் ஊற்றும் நேரத்தில் முப்பத்தேழில் மெஷினைப் பிடித்துவிட்டார். தேவி நாற்காலியிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து நான் பார்த்த பெண் இவள்தானா என்று இருந்தது. அப்போதுதான் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. வெட்கமில்லாமல் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினேன்.

சேகர் இலையை மடித்துவிட்டு வெகுநேரம் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார், "அடுத்த வாரத்துலேருந்து நமக்கு இலை போட்ட பிறகுதான் பிள்ளைங்க மெஷின்ல உட்காரணும். அதுங்க முதல்ல சாப்பிட்டுடட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை. விமான நிலையத்துக்கு முனியாண்டிதான் கொண்டுவந்து விட்டார். பள்ளி விடுமுறை என்பதால் தேவியும் கூட வந்தாள். டைப்பிங் வகுப்பு என்னவாயிற்று என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தும் கேட்காமலே வந்தேன். சுபாங் திருப்பத்தில் அவராகவே பேசினார்.

"டைப்பிங் கிடக்கட்டும் டீச்சர். அந்த மெஷின் நெனைக்கிறதை நான் அடுத்த தடவை சீக்கிரமாப் பிடிக்கணும்."

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு கூடாது, சத்தம் கூடாது, சாப்பாட்டு வாசனையே ஆகாது. இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் எப்படி உடைப்பது என்று யோசித்தபடியே பெட்டியை இறக்கினேன்.

"எங்க ஊர்ப் பசங்களுக்கும் இனிமே சாப்பாடு போட்டாத்தான் படிப்பு வரும்போல இருக்கு" என்றேன் தேவியிடம்.

அவள் என் பெட்டிக்கு ஒரு கை கொடுத்தாள்.

"பசங்களுக்கு இல்ல ஆன்டி" என்றாள். "சொல்லிக்கொடுக்கிறவங்களுக்குப் போடுங்க."