ஒருவர் இறங்கினால்

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு என்னை யாரும் தண்ணீரில் இறங்க விடவில்லை.

எங்கள் குப்பத்துக்குப் பாலம் கிடையாது. பழவேற்காட்டுக் கரைக்குப் போக இன்றும் படகுதான். பீர் கம்பெனியில் வேலை செய்கிற நாங்கள் எட்டுப் பேர் விடிந்ததும் ஒரே படகில் ஏறுவோம். ஏரி தூர்ந்துகொண்டே வருகிறது. வெயில் காலத்தில் பாதி வழியில் படகு தரை தட்டி நின்றுவிடும். அப்போது கோல் போட்டுப் படகைத் தள்ளுகிறவர் ஒரு வார்த்தை பேசாமல் முதலில் இறங்குவார். அவர் இறங்கியதும் படகில் இருக்கிற அத்தனை பேரும் இறங்கிவிட வேண்டும். யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை. முழங்கால் தண்ணீரில் சேற்றை மிதித்துக்கொண்டு ஆளுக்கொரு கை கொடுத்துத் தள்ளுவோம். ஆழம் வந்ததும் ஏறிக்கொள்வோம். ஏரிக்காரர்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. கால் தானாகவே வெளியே போய்விடும்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் படகு தரை தட்டியபோது என் காலும் வழக்கம்போல வெளியே போனது. கோல் போடுகிற அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். எங்கள் எட்டுப் பேரில் பலசாலி. கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் கூடப் பிறந்தவர்களை விட அதிகமாக அதட்டுவார்.

"நீ குந்து தங்கச்சி. தண்ணியில எறங்கி இன்னாத்தையாவது இழுத்து வெச்சிக்காத."

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா."

"குந்துன்னா குந்து."

ஏழு பேர் தள்ள, நான் ஒருத்தி அரிசி மூட்டை மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்தும் அதையே சொன்னார்கள். வருடம் திரும்பிய பிறகும் சொன்னார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

கம்பெனியிலும் இதே கதைதான். எங்கள் கம்பெனி திருப்பாலைவனம் தாண்டி இருக்கிறது. கரையில் விட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லாரும் மிதித்தே போய்விடுவோம். நான் ஓட்டுவது என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். பீர் கம்பெனி வேலை என்றால் ஊரில் ஒரு மாதிரி சிரிப்பார்கள். நாள் முழுக்க அந்தப் புளித்த வாடையில் நின்று பார்த்தால் தெரியும், அதைக் குடிக்க எவனுக்கு மனசு வரும் என்று. என் வேலை பாட்டில் பார்ப்பது. கழுவிய பாட்டில்கள் வரிசையாக ஒரு வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் ஓடும். விரிசல், அழுக்கு, செத்த பூச்சி எது தெரிந்தாலும் ஓடுகிற பாட்டிலைப் பிடித்து எடுத்துவிட வேண்டும். அந்த இடத்துக்குக் கம்பெனியில் 'லைட்டு' என்று பெயர். பல வருடம் லைட்டில் நின்றவள் நான். என் கண்ணைத் தாண்டி ஒரு கரப்பான்பூச்சி போனதில்லை.

டாக்டரம்மா, "ஆறு மாசம் லைட் வேலையா பாருங்க" என்றார். நான் சந்தோஷமாகப் போய் சூப்பர்வைசரிடம் அதை அப்படியே சொன்னேன். நாங்கள் சார் என்று கூப்பிடும் அவர் பொன்னேரிக்காரர்.

"லைட் வேலைதான் பாக்கணுமாம் சார். நான்தான் ஏற்கெனவே லைட்ல இருக்கேனே!"

சார் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் என்னை கேன்டீனில் டம்ளர் கழுவ அனுப்பிவிட்டார். என் வாயால் நானே கெட்டேன். ஆறு மாதம் முடிந்ததும் போய்க் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றார். அடுத்த மாதமும் அதே பதில். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். எல்லாரும் நல்லவர்களாக இருந்ததுதான் பேஜாராகப் போய்விட்டது.

தை மாதம் பாய்லர் வேலைக்காக லைனை நிறுத்தினார்கள். சாருக்குச் சர்க்கரை, அதனால் தினமும் காலையில் சைக்கிள் மிதிப்பவர். லீவு நாளில் எல்லாருமாக சைக்கிளிலேயே ஜவ்வாது மலை வழியாக ஏலகிரி வரை போய் வரலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். பைகளை ஏற்றிக்கொள்ள ஒரு குட்டியானை வண்டி பின்னால் வரும். எங்கள் படகு மொத்தமும் கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன்.

"உனக்கு எதுக்கும்மா? முடியாது."

"முடிஞ்சா சார்?"

கேன்டீனில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் விளையாட்டாகச் சொன்னார்: "ஏலகிரி கீழேருந்து மேல வரைக்கும் கால் தரையில படாம மிதிச்சி வா. லைன் ஓட ஆரம்பிச்ச அன்னிக்கே உன்னை லைட்ல நிக்க வெக்கிறேன்."

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "ஏரியில நண்டு பிடிக்கிறவன் பொண்டாட்டிக்கு மலையில இன்னா வேல?" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கே என் சைக்கிளைப் பொன்னேரிக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கப் பல் சக்கரத்தைப் பெரிதாக மாற்றி, செயினுக்கு கிரீஸ் தடவிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறை வாசலில் கூடிப் புறப்பட்டோம். அந்த வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். எங்கள் படகில் வருகிற இன்னொரு பெண், மூடி போடும் மெஷினில் நிற்பவள், அதைத் தட்டிக்கொடுத்து, "மலை ஏறிட்டு வந்தா நாமளும் இப்படித்தான்கா இருப்போம்" என்றாள்.

சமவெளியில் எங்களை அடிக்க ஆளில்லை. தை மாதத்து வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. சார் கியர் வைத்த சைக்கிளில் மூச்சு வாங்க எங்களுக்குப் பின்னால் வந்தார். வேலூர் தாண்டி அமிர்தி பக்கம் ஜவ்வாது மலையில் ஏற ஆரம்பித்ததும் எங்கள் கொட்டம் அடங்கியது. மேடு என்றால் எங்களுக்கு ஏரிக் கரைதான். முதல் ஏற்றத்தில் எனக்குத் தொடை இறுகி, ஒரு காலை ஊன்றினேன். பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. திரும்பினால் ஏழு பேரும் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள்.

முன்னால் போன சார் திரும்பி வந்தார். "இன்னா ஆச்சு? பஞ்சரா?"

"இல்ல சார். தங்கச்சி எறங்கிச்சு" என்றார் அண்ணன்.

"அதுக்கு?"

ஒருவர் இறங்கினால் எல்லாரும் இறங்குவதுதானே. சைக்கிளைப் படகாக நினைத்துவிட்ட எங்கள் முட்டாள்தனம் அப்போதுதான் எங்களுக்கே புரிந்தது. புரிந்தும் பயனில்லை. அடுத்த ஏற்றத்தில் ஒருவன் தண்ணீர் குடிக்க நின்றான், எட்டுப் பேரும் இறங்கினோம். அதற்கடுத்து ஒருவனுக்குச் செருப்பு கழன்றது, எட்டுப் பேரும் இறங்கினோம். இறங்கினால் தள்ளத்தானே வேண்டும், தள்ளினோம். ஆடு மேய்த்த ஒரு பெண், வரிசையாகப் பேசாமல் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும் எங்களைப் பார்த்து, "யார் வீட்டு எழவுக்குப் போறீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டாள்.

ஜவ்வாது மலையில் ஒரு ஏற்றத்தைக்கூட நாங்கள் முழுதாக மிதிக்கவில்லை. சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்பவே கால் தரையில பட்டாச்சேம்மா."

"பந்தயம் ஏலகிரிக்குத்தான் சார்" என்றேன். சொல்லும்போது உள்ளுக்குள் பயமாக இருந்தது. இந்தக் கூட்டத்தோடு போனால் என் உடம்பால் முடிந்தாலும் நான் ஏற முடியாது. யாராவது ஒருவர் காலை ஊன்றினால் போதும், என் கால் தானாக வெளியே போய்விடும்.

ஆலங்காயம் பக்கம் இறங்கி ஏலகிரி அடிவாரத்துக்கு வந்தோம். டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்தபோது ஊர்ப்பெயர் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தோம். பொன்னேரி என்று இருந்தது. அந்த அடிவாரத்து ஊருக்கும் பொன்னேரி என்றுதான் பெயராம்.

"இன்னா சார்," என்றார் அண்ணன். "இவ்ளோ நாளு மிதிக்கவிட்டு பொன்னேரிக்கே இட்டாந்து வுட்டியே! பஸ்ஸுல வந்திருந்தா டிபன் நேரத்துக்கு வந்திருப்போமே."

எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும் நான் எழுந்தேன். "எல்லாரும் கேட்டுக்குங்க. நான் எறங்க மாட்டேன். எனக்காக யாரும் எறங்காதீங்க. நான் விழுந்தாலும் தாண்டிப் போயிக்கினே இருங்க." அண்ணன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். சார் மேலே காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு முன்னால் போனார்.

ஏலகிரிப் பாதை கொண்டை ஊசி கொண்டை ஊசியாக வளைந்து ஏறும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எதிர்க்காற்றில் பாய் விரித்தால் படகை நேராக விட மாட்டோம், சாய்த்துச் சாய்த்துத்தான் விடுவோம். அதுபோல நானும் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சாய்வாக மிதித்தேன். பின்னால் வந்த அண்ணன், "வண்டி வருது, ஓரம்" என்று குரல் கொடுத்தார். தையல் போட்ட இடம் வலிக்கிறதா என்று ஒவ்வொரு மிதிக்கும் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். வலிக்கவில்லை. தொடைதான் எரிந்தது. எல்லாருக்கும் எரிகிற தொடைதானே என்று நினைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாதிக்கு மேல் வந்திருப்போம். ஒரு வளைவில் ஏற்றம் செங்குத்தாகத் திரும்பியது. என் முன்சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடியது. மிதி கீழே போக மறுத்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு செருப்பு தார்ச்சாலையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கிவிட்டார். அவர் இறங்கியதும் சரசரவென்று மற்ற ஆறு பேரும் இறங்கினார்கள்.

என் வலது கால் மிதியை விட்டு வெளியே வந்தது. இது சத்தியம். தரைக்கும் செருப்புக்கும் ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. அப்போதுதான் புரிந்தது, அண்ணன் களைத்துப்போய் இறங்கவில்லை. லாரி லாரியாகப் பெட்டி தூக்குகிற உடம்பு அது. என் சக்கரம் ஆடியதைப் பார்த்துவிட்டு எனக்காக இறங்கியிருக்கிறார். நான் இறங்குவதற்கு ஒரு சாக்கு கொடுத்திருக்கிறார். பலகையில் ஏதோ ஒரு வள்ளலின் பெயர் இருந்தது.

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. படகில் குந்து என்றவர்களும், ரெஸ்ட் எடு என்றவர்களும், இப்போது இறங்கு என்கிற இவரும், எல்லாரும் நல்லவர்கள். என் உடம்பு முடிந்துபோய்விட்டது என்று எல்லாருமாகச் சேர்ந்து நல்லபடியாக முடிவு செய்துவிட்டார்கள். காலை மீண்டும் மிதியில் வைத்து, இருக்கையிலிருந்து எழுந்து, உடம்பு பாரம் மொத்தத்தையும் அதன் மேல் போட்டேன். மிதி இறங்கியது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. ஏழு பேர் இறங்கி நிற்க, யாரும் தடுக்காமல் நானாகவே இறங்காமல் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அது ஒரு பக்கம் மனசை அறுத்தது. திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று தெரிந்ததால் திரும்பவே இல்லை.

மேலே கடைசி வளைவு தாண்டிய இடத்தில் சார் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உறிஞ்சுகுழல் வாயிலேயே நின்றது. "கால் பட்டுதாம்மா?" என்று கேட்டார்.

"நீங்க பின்னாடி வரவங்களக் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். தரை தள்ளாடியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர வெகு நேரம் ஆனது. அதற்குள் அழுது, முகம் கழுவி, ஒரு டீயும் குடித்துவிட்டேன்.

மலை மேல் சின்னதாக ஒரு ஏரி வெட்டி அதில் டிக்கெட் வாங்கிக்கொண்டு படகு விடுகிறார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்காமல் கரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"செயின் அறுந்துச்சாண்ணா?"

"இல்ல."

"காலு பிடிச்சிக்கிச்சா?"

"இல்ல." பிறகு அவரே சொன்னார். "உன் சக்கரம் ஆடிச்சு. நீ மொதல்ல எறங்கினா அந்த ஆளு உன்னைச் சிரிப்பாரு. நான் எறங்கினா பேச்சு என் மேல வந்திருக்கும்."

"நான் எறங்காதீங்கன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன. மனசு கேக்கல."

"நீ எறங்கினா நானும் எறங்கணும், அதான நம்ம பழக்கம்? அப்ப படகுல மட்டும் ஏன்ணா என்னை எறங்க வுட மாட்டேங்கிற? அங்க நீ எறங்கினதும் நானும் எறங்கத்தான வந்தேன்?"

அண்ணன் மிதிபடகில் சுற்றுகிறவர்களைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "வா, பசிக்குது" என்று எழுந்துகொண்டார்.

லைன் ஓட ஆரம்பித்த அன்று சார் கேன்டீன் வாசலில் நின்று, லைட்டு இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். பாட்டில்கள் ஓட ஆரம்பித்தன. கொஞ்ச நேரம் கண் கூசியது, பிறகு பழகிவிட்டது.

பங்குனியில் தண்ணீர் வற்றியது. ஒருநாள் காலை நடு ஏரியில் படகு தரை தட்டி நின்றது. அண்ணன் இறங்குவார் என்று எல்லாரும் புடவையையும் லுங்கியையும் மடித்துக் கட்டினார்கள். அவர் இறங்கவில்லை. கோலைச் சேற்றில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது, சேறு முழங்கால் வரை வாங்கியது. படகின் விளிம்பில் கை வைத்தேன். ஒவ்வொருவராக எல்லாரும் எனக்குப் பின்னால் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியது அண்ணன்.