நூற்றியெண்பது என்று எழுதிய மாமா

என் தாய்மாமா ஒரு பெரிய சலவை ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் ஓட்டல் மேசைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். துவைக்க, உலர்த்த, தேய்க்க எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். அது மாமாவின் அறையிலிருந்துதான் போகவேண்டும். "நான் அரை மணி நேரம் கண்ண மூடினா ஊர்ல பாதிப் பேர் அழுக்குப் போர்வையிலதான் படுக்கணும்" என்பார்.

மூட்டை இறக்கும் வேலைக்குப் போனவர் அவர். பாய்லர் பக்கம் நகர்ந்து, சான்றிதழ்த் தேர்வை மூன்றாவது முறையில் தேறினார். முதல் இரண்டு தடவையும் நேர்முகக் கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்லிவிட்டு எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டார். அதிலிருந்து எழுத்து என்றாலே அவருக்கு ஒரு மரியாதை. பாய்லர் அறைப் பதிவேட்டில் மணிக்கொரு தரம் நீராவி அழுத்தம், தண்ணீர் மட்டம், புகைக்குழாயின் சூடு மூன்றையும் எழுதவேண்டும். மற்ற ஷிப்ட் ஆட்கள் கடைசியில் உட்கார்ந்து எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்கள். மாமா அந்தந்த மணிக்கு எழுந்துபோய், அடிக்கோல் வைத்து, நீல மையில் எழுதுவார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. படித்த நான்கு வருடமும் மாமா வீட்டுச் சோறு. பட்டமளிப்புப் படத்தை அவர் பாய்லர் அறையில், அழுத்தமானிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தார். "என்ன பாய்லர் மாமா, நீங்க தூங்கறீங்களான்னு மருமகன வேவு பாக்கச் சொல்லியிருக்கீங்களா?" என்று தேய்ப்புப் பகுதிப் பெண்கள் ஓட்டுவார்கள்.

பழைய பாய்லரைக் கழற்றிவிட்டுப் புதிது வந்தது. இரண்டு வருட வாரண்டி. கம்பெனியிலிருந்து மாட்ட வந்த மெக்கானிக்குக்கு முப்பது வயது இருக்கும், வாய் நிறையச் சிரிப்பு. மூன்று வாரம் தங்கி வேலை பார்த்தபோது மத்தியானச் சாப்பாடு மாமா வீட்டில்தான். அத்தையை அக்கா என்றான், மாமாவை மாமா என்றான். வயிற்றுக்குள் எதையும் வைத்துக்கொள்ளாத பையன் என்று அத்தை சொன்னாள்.

ஓட்டத் தொடங்கிய முதல் நாளே புகைக்குழாயின் சூடு இருநூற்று நாற்பது டிகிரி காட்டியது. மாமா பேனாவைத் திறந்தபோது மெக்கானிக் கையைப் பிடித்தான்.

"அதை எழுதாதீங்க மாமா. இருநூறுக்கு மேல எழுதினா வாரண்டி போயிடும். நூத்தியெண்பதுன்னு போட்டுடுங்க. சூடு தானா இறங்கிடும்."

"கண்ணுக்கு நேரா இருநூத்தி நாப்பது நிக்குதேடா."

"கம்பெனிக்காரன் நான் சொல்றேன். உங்க முதலாளிக்கு நல்லதுதான பண்றேன்?"

சரி என்று நூற்றியெண்பது போட்டார் மாமா. சூடு இறங்கவில்லை. மாமா பதினான்கு மாதம், மணிக்கொரு தரம் எழுந்துபோய், இருநூற்று நாற்பதைப் பார்த்து, அடிக்கோல் வைத்து நூற்றியெண்பது என்று எழுதினார். அவர் எழுதியதைப் பார்த்து மற்ற ஷிப்ட் ஆட்களும் அதையே நிரப்பினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெக்கானிக் வந்து பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டான்.

பதினைந்தாவது மாதம் தேய்ப்புப் பகுதியில் ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தலைவலி. வெயில் என்றார்கள், பசி என்றார்கள். ஒரு பெண் தேய்ப்பு மேசையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்த பிறகு மாமா டார்ச்சோடு போய்ப் பார்த்தார். புகைக்குழாய் சுவருக்குள் திரும்பும் வளைவில், இணைப்பின் ரப்பர் வளையம் கருகித் தூளாகிக் கிடந்தது. வெளியே போகவேண்டிய புகை பெண்கள் நிற்கும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நிமிடமே பாய்லரை அணைத்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை.

கம்பெனியின் சர்வீஸ் மேனேஜர் மெக்கானிக்கோடு வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். அந்த வளையம் இருநூறு டிகிரி வரைக்கும் தாங்கும், உங்கள் ஆள் எழுதியபடி ஒரு நாளும் நூற்றியெண்பதைத் தாண்டவில்லை, அப்படியிருக்க வளையம் கருகியது என்றால் யாரோ குழாயைக் கழற்றிக் கைவைத்திருக்கிறார்கள், இது வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார். மாமா மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நீதானேப்பா அப்படி எழுதச் சொன்னே?"

"நான் எதுக்கு சார் அப்படிச் சொல்லப்போறேன்?" மேனேஜரிடம்தான் சொன்னான். மாமா பக்கம் திரும்பவே இல்லை.

முதலாளி மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். வாரண்டி கிடைக்காவிட்டால் கைவைத்த ஆள் யார் என்று தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அதற்கு அர்த்தம் மாமாவுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருட வேலை. ஐம்பது தாண்டிய ஆளை வேறு எந்தப் பாய்லர் அறையிலும் சேர்க்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பதிவேட்டைப் படித்தேன்.

"எதுக்கு மாமா பொய் எழுதினீங்க?"

"பொய்யின்னு எவன் சொன்னான்? மாட்டினவனே இதுதான் அளவுன்னா, அப்புறம் நான் யாரு? எழுதறப்ப கை கூசத்தான் செஞ்சுது."

படித்தவன் கண்ணுக்கு அங்கே ஒன்று தெரிந்தது. ஓடுகிற பாய்லரில் பதினான்கு மாதமும் ஒரு டிகிரிகூட அசையாமல் சூடு நிற்காது. முதல் வருட மாணவனுக்கே தெரிந்த விஷயம். அதன் கீழே கம்பெனி ஆள் நான்கு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறான். எரிபொருள் அளவை மாற்றும் பெட்டிக்குப் பூட்டு, சாவி கம்பெனியிடம். சூடு கூடியது அவர்கள் வைத்த அளவால்தான். ஆனால் இதைச் சொல்ல, எழுதியது பொய் என்று மாமாவே எழுதித் தரவேண்டும்.

முதலாளியிடம் விளக்கினேன். "படிச்சவன் படிச்சவன்தான்யா" என்று என் தோளைத் தட்டினார்.

"எழுதிக் குடுத்தா என் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே முதலாளி?" என்று மாமா கேட்டார்.

"நான் இருக்கிற வரைக்கும் அந்த ரூம் உங்களுது. போய் எழுதுங்க."

கடிதத்தை நான்தான் எழுதினேன். மாமா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"தெரிந்தே எழுதினேன்னு இருக்கு. தவறுதலாக எழுதினேன்னு மாத்தலாமாடா?"

"தவறுதலான்னு போட்டா அது உங்க தப்பு மட்டும்னு ஆயிடும் மாமா. அவன் தப்பிச்சுடுவான். தெரிஞ்சே செஞ்சீங்க, அவன் சொல்லித்தான் செஞ்சீங்க. அதான் கேஸு."

"சரி. உனக்குத் தெரியும்." கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் போனேன். மேனேஜர் கடிதத்தைப் படித்தார், நான்கு கையெழுத்தையும் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார். அவன் மாமா பக்கம் திரும்பினான்.

"என் ரெண்டு பிள்ளைங்களையும் உங்களுக்குத் தெரியும்ல மாமா? நெனச்சுப் பாக்கலையா நீங்க?" என்றான். குற்றம் செய்தவர் போல மாமாதான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

பத்து நாளில் புதிய குழாய் வந்தது. வேறு ஆள் வந்து எரிபொருள் அளவைச் சரிசெய்தான். மாமா போன் செய்து, "நூத்தியெழுபத்தஞ்சுடா. நெசமாவே எழுபத்தஞ்சு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் குரலைக் கேட்டு நாளாகியிருந்தது. நானும் ஆபீஸில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் போன் வந்த ஒன்பதாம் நாள் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உத்தரவோடு நான் எழுதிய கடிதத்தின் நகலை இணைத்திருந்தார்கள். பாதுகாப்புப் பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதியதைத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார், சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்கும் தகவல் அனுப்பப்படுகிறது என்று இருந்தது. நான் முதலாளியிடம் போய் நின்றேன்.

"நீங்க வாக்குக் குடுத்தீங்க சார்."

"குடுத்தேன், இல்லேங்கல. ஆனா தம்பி, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, பொய் எழுதற ஆள்னு தெரிஞ்சும் ஏன்டா வெச்சிருந்தேன்னு என்னைத்தான கேப்பான்? உன் லெட்டர் அவ்வளவு தெளிவா இருக்கு." பிறகு, "ஒரு படிச்ச ஆள் பொறுப்பா இருந்தா நல்லாருக்கும்னு பாக்கறேன். நீ வர்றியா? இப்ப வாங்கறதவிடக் கூடத் தர்றேன்" என்றார்.

முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அவர் என்னிடம் கேட்பதற்கு முன்பே, கணக்கு முடிக்கும்போது, "கவலைப்படாதீங்க, வேலை உங்க வீட்டை விட்டுப் போகாது, மருமகனைத்தான் போடறோம்" என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார்.

அத்தைதான் கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. மாமா பாயில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை.

"மாமா, நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் திரும்பவில்லை.

"தவறுதலான்னு போடலாமான்னு கேட்டேன்ல" என்றார். "அப்பவே முதலாளி உன்கிட்ட பேசியிருந்தாரா?"

இல்லை என்றேன். சத்தியமாக இல்லை என்றேன். சரி என்றார், மெக்கானிக் சொன்னதற்கெல்லாம் சரி சொன்ன அதே குரலில். அத்தை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல. குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.