ஏழுக்கு மேல் ஏறாத சத்தம்

எங்கள் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஷோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சரியாகக் காது கேட்காது. என் அப்பாவும் அதில் ஒருவர். எல்லாம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் டிரில் பிடித்தவர்கள், வெடி வைத்தவர்கள். சுரங்கம் மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. போன காது போனதுதான்.

முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, வசனம் கேட்கவில்லை என்றால் எதிரே இருக்கும் இரும்புக் கம்பியில் தட்டுவார்கள். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜைத் தூக்கச் சொல்லி மணி தட்டிய பழக்கம். தட்டினால் ஆபரேட்டர் சத்தத்தை ஏற்ற வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் ஏற்றினார், நானும் ஏற்றினேன். இதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

டிஜிட்டல் மெஷின் வந்தபோது, சத்தம் எவ்வளவு என்று நம்பரில் காட்டும் பெட்டி ஒன்றும் கூடவே வந்தது. ஏழில் வைத்தால் போதும், உலகம் முழுக்க அதுதான் கணக்கு என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். மற்ற நாளில் ஏழில் வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்குப் போகும், சண்டைக்கு நடுவில் பேசினால் பத்துக்கும் போகும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கர் கரகரவென்று கத்திவிட்டுச் செத்தது. படத்தில் பேசுவதெல்லாம் அதில்தான் வரும். பக்கத்து ஸ்பீக்கர்களில் பாட்டு வந்தது, அடிதடி வந்தது. ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். அன்றைக்குக் காது நன்றாக இருந்தவனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாள். போட்டேன். வயரைக் கழற்றி மாட்டச் சொன்னாள். மாட்டினேன். ஸ்பீக்கரே எரிந்துவிட்டது, நாற்றம் வருகிறது என்று சொன்னேன். மறுபடியும் அணைத்துப் போடச் சொன்னாள். கடைசியில் அங்கிருந்தபடியே நெட்டில் எங்கள் பெட்டிக்குள் புகுந்து பார்த்தாள். நான் எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த நேரத்துக்கு எவ்வளவு ஏற்றினேன் என்று எல்லாம் அதில் பதிந்திருக்கிறது. அது பதிகிறது என்று ஒருத்தனும் எனக்குச் சொல்லவில்லை. ஏன் பத்தில் வைத்தீர்கள் என்று கேட்டாள். எங்கள் ஊர்க் காதுக்கு ஏழு போதாது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வாரண்டியில் ஸ்பீக்கர் தருவதா வேண்டாமா என்று ஆள் வந்து பார்த்துச் சொல்வார் என்றாள்.

அந்த ஆள் பெங்களூரிலிருந்து ரயிலில் வந்தான். சின்ன வயது. காலி ஹாலில் ஸ்டாண்டு போட்டு மைக் நிறுத்தி அளந்து பார்த்துவிட்டு, ஹால் நன்றாகத்தான் இருக்கிறது, ஏழே தாராளம் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஹாலுக்கு என்ன காதா இருக்கிறது? டிரில் பிடித்தவன் உட்காரும்போது வந்து அளந்து பார் என்றேன்.

"சார், எங்க அம்மா ஊரு இங்க பாலகாட்டு மைன்ஸுதான். எங்க தாத்தாகிட்ட பேசறதுன்னா தெருவுக்கே கேக்கும். எனக்குத் தெரியாதா?" என்றான். "ஆனா கம்பெனிக்கு நான் அதப் போய் இன்னான்னு எழுதறது?"

தெரிந்தவனே இப்படிச் சொல்வதுதான் அதிக எரிச்சலாக இருந்தது. வேறு வழி அவனே சொன்னான். சத்தத்தை ஏழுக்கு மேல் ஏறாமல் பூட்டி, பாஸ்வேர்டு கம்பெனியிடம் இருக்கச் சம்மதித்தால் இந்த ஒரு தடவை புது ஸ்பீக்கர் தருவார்கள். இல்லையென்றால் கிடையாது.

தியேட்டர் முதலாளி உடனே சரி என்றார். நான் குறுக்கே நின்றேன். ஏழில் பூட்டினால் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்குப் படம் ஊமைப் படம் என்றேன்.

"மத்த ஆறு நாளு யாரு வர்றாங்கன்னு பாத்துக்கினு பேசுப்பா," என்றார். "சின்னப் பசங்க உன் ஞாயித்துக்கிழம ஷோவுக்கு வந்தா காத பொத்திக்கினு ஒக்காந்துக்குதுங்க. ஸ்பீக்கரே இல்லன்னா உங்க அப்பாவுக்கு மட்டும் கேக்குமா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதனால் இன்னும் கோபம். அவர் கையெழுத்துப் போட்டார். புது ஸ்பீக்கர் வந்தது. அந்தப் பையனே வந்து மாட்டினான். பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

அந்த ஞாயிறு ஷோவுக்கு முன்னால் கீழே இறங்கிப் போய் முன் வரிசைக்கு எதிரே நின்று கத்தினேன். இனிமேல் தட்டினாலும் சத்தம் ஏறாது, என் கையில் இல்லை, கம்பெனி பூட்டிவிட்டது என்றேன். அப்பாவோடு ஒரே செட்டில் வேலை பார்த்தவர் ஒருவர் எழுந்தார்.

"கீழ சுரங்கத்துல இருந்தப்ப ஆபீசர் கேட்ட பூட்டினான். இப்ப சினிமாவையும் பூட்டிட்டானுங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள். இடைவேளையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அப்பா கடைசிவரை இருந்தார். நடந்து வீட்டுக்குப் போகும்போது கேட்டார். "படத்துல அந்தப் பொண்ணு கடசில இன்னாடா சொல்லிச்சி?"

சொன்னேன். கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். கடைசியில் சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே நின்று, "நான் போறேன், இனிமே வரமாட்டேன்னு சொல்லிச்சிப்பா," என்று தொண்டை கிழியக் கத்தினேன். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். வரவில்லை என்று கையை ஆட்டினார். நான் மட்டும் போனேன். முன் வரிசையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். ஏழில் போட்டேன். வேறு எதில் போடுவது?