தாம்போதியில் நட்ட கதியால்

போன மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் வாசலில், நிறுத்தக்கூடாத இடத்தில் என் ஸ்கூட்டியை நிறுத்தினேன். பொலிஸார் எழுதித் தந்த தண்டச் சீட்டை வாசித்தபோது, வாகனத்தின் வகை என்ற இடத்தில் முச்சக்கரவண்டி என்று இருந்தது. என்னுடையதற்கு எத்தனை தரம் எண்ணினாலும் இரண்டு சில்லுதான். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி நடுவெயிலில் அடையக்கூடிய மகிழ்ச்சிக்கு ஓர் அளவு உண்டு. நான் அதைத் தாண்டினேன். பிழையைச் சுட்டிக்காட்டி மூன்று பக்கத்தில் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி முழுவதையும் பொறுமையாக வாசித்தார். நன்றி சொன்னார். முச்சக்கரவண்டியை வெட்டி ஸ்கூட்டி என்று எழுதி, சீட்டைத் திரும்ப என் கையிலேயே தந்தார்.

அடுத்தவர் எழுதியதில் பிழை பிடிக்கும் இந்த வியாதி எனக்குப் பத்து வயதில் தொடங்கியது. அந்த முதல் தடவை அதற்கான தண்டனையை நான் அனுபவிக்கவில்லை. அப்பாவின் கடைசித் தம்பி அனுபவித்தார். அவரை நாங்கள் குஞ்சியப்பா என்போம்.

எங்கள் வீடு புங்குடுதீவில். அப்பாவும் சகோதரர்களும் தெற்கே ஒரு நகரத்தில் கடை வைத்திருந்தவர்கள். ஒருநாள் கலவரத்தில் கடையைக் கொளுத்திவிட்டார்கள். அப்பா கொழும்பில் வேறொருவர் கடையில் நிற்கப் போனார். பெரியப்பா ஊருக்கு வந்து காணி வழக்குகளைப் பார்த்தார். இருபத்தாறு வயதுக் குஞ்சியப்பாவுக்குப் பார்ப்பதற்கு எதுவும் இல்லாததால் இரண்டு வருடமாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வெளிநாட்டுக் கப்பலொன்றில் வேலை செய்த, எங்கள் தீவின் இறுப்பிட்டிக்காரர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. தை முடிவில் கப்பல் கொழும்புக்கு வரும், ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, பாஸ்போட்டும் குற்றம் எதுவும் இல்லையென்று பொலிஸ் தரும் பத்திரமும் வேண்டும். அந்தக் கடிதத்தைக் குஞ்சியப்பா எத்தனை தரம் விரித்து மடித்தாரோ தெரியாது, ஒரு கிழமைக்குள் அது நாலாகப் பிரிந்துவிட்டது.

பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்க அவர் வேலணைக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டபோது நானும் வருவேன் என்று அழுது, பாரில் ஏறிக்கொண்டேன். ஐப்பசி மாதம். கடலைக் குறுக்கறுத்து அடுத்த தீவுக்குப் போகும் தாம்போதித் தெருவில் இரண்டு பக்கமும் கடல், எதிர்க்காற்று. நடுவழியில் ஒரு பொலிஸ்காரர் தன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோவன். செயின் கழண்டு போச்சு."

குஞ்சியப்பா பார்த்தார். செயினை மாட்டி, சில்லையும் இறுக்கிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்தது. உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர், இந்த இடத்தில் உனக்கு என்ன அலுவல் என்று கேட்டார். பொலிஸ்காரர் விறைத்து நின்று, என்னையும் பாரையும் பார்த்து, "டபிள்ஸ் பிடிக்கிறன், சேர்!" என்றார். அவர் எழுதி முடிக்கும்வரை ஜீப் நகரவில்லை. சைக்கிளில் ஆளேற்றிய குற்றத்துக்கான துண்டுச் சீட்டை, கிறீஸ் பூசிய குஞ்சியப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, "குறை நினையாதேங்கோ அண்ணை. ஒருநாள் கோட்டுக்கு வந்து ஓம் எண்டு சொன்னால் முடிஞ்சுது" என்றார்.

முடிந்திருக்கும். ஆனால் அன்று வீட்டில் பெரியப்பாவின் கண்ணாடி கால் உடைந்து கிடந்தது. துண்டை வாசிக்கும்படி என்னிடம் தந்தார். நான் பள்ளிக்கூடத்து வாசிப்புப் போட்டியில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று வாசித்தேன். பெயர், திகதி, இடம் மண்கும்பான்.

"மண்கும்பான் இல்லைப் பெரியப்பா! தாம்போதியிலையெல்லோ பிடிச்சவர்!"

அன்றைக்கு மண்கும்பானில் கடமை என்பதால் அந்தப் பொலிஸ்காரர் காலையிலேயே பத்துத் துண்டில் இடத்தை எழுதி வைத்திருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. பெரியப்பா கதிரையை விட்டு எழும்பினார். ஊரில் வேலிக்கு நடும் கதியால் ஒரு சாண் இடம் மாறினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அவரே எல்லையில் நின்ற ஒரு பனைக்காகப் பதினெட்டு வருடமாக வழக்காடி வந்தார். இப்போது தாம்போதிக்கும் மண்கும்பானுக்கும் இடையில் மைல் கணக்கில் ஒரு பிழை அவர் மடியில் வந்து விழுந்திருந்தது.

"பிள்ளை, இன்னொருக்கா வாசி."

இன்னும் உரத்து வாசித்தேன்.

"எல்லை பிழைச்சால் வழக்கே இல்லை" என்றார் பெரியப்பா.

குஞ்சியப்பா தூணோடு நின்றபடி, "நான் போய் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாறன் அண்ணை. பத்து நிமிச அலுவல்" என்றார்.

"ஓம் எண்டால் குற்றவாளி எண்டெல்லோ பதிவான். பிறகு பொலிசிட்டைப் பத்திரம் கேட்டால், அதிலையும் அதைத்தான் எழுதுவான். அதைக் கொண்டுபோய்க் கப்பற்காரனுக்குக் காட்டப் போறியோ? வழக்கை வெண்டுபோட்டுச் சுத்தமான ஆளாய்ப் போ."

அம்மா குசினி வாசலில் இருந்து, "பிள்ளையைச் சைக்கிளிலை ஏத்தினது என்ன கொலையே?" என்று கேட்டார்.

"உமக்குச் சட்டம் தெரியாது. அடுப்பைப் பாரும்."

எங்கள் வீட்டில் மூத்தவர் சொன்னதற்கு மேன்முறையீடு கிடையாது.

கார்த்திகையில் நீதிமன்றத்தில் முதல் தவணை. பனை வழக்கைப் பேசிவந்த அதே சட்டத்தரணி எழும்பி, சம்பவம் நடந்த இடத்தை எதிரி, அதாவது குஞ்சியப்பா, மறுக்கிறார் என்றார். நீதவான் சைக்கிள் வழக்கொன்றில் அப்படியொரு வாசகத்தை அதற்குமுன் கேட்டிருக்கமாட்டார். இடம் பிழையென்றால் நிரூபியுங்கள் என்று தவணை போட்டார். இதைவிடப் பெரிய மகிழ்ச்சியைப் பெரியப்பாவுக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. நில அளவையாளர் ஒருவரைத் தாம்போதிக்குக் கூட்டிவந்தார்.

இடத்தைக் காட்டவேண்டியவள் நான். கடலுக்கு நடுவே போகும் ஒரு நேர்கோட்டில் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. கால் உளைந்த இடத்தில் நின்றேன். "இதுவோ பிள்ளை? வடிவா யோசிச்சுச் சொல்லு" என்று பெரியப்பா கேட்டார். "ஓம், இதுதான்" என்றேன். உடனே அந்த இடத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கிளுவங் கதியாலை ஓரமாக அறைந்து நட்டார். இரண்டு பக்கமும் கடல் இருக்க, வேலியில்லாமல் ஒற்றைக் கதியால் நின்ற அந்தக் காட்சியைப் பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அளவைச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற குஞ்சியப்பா அளவையாளரிடம் ஒன்றுதான் கேட்டார்.

"தைக்குள்ளை படம் கீறித் தருவியளோ?"

"மழை விட்டால் பாப்பம்."

மழை விடவில்லை. மார்கழியில் படம் இல்லை. அடுத்த தவணையில் நீதவான் லீவு. அதற்கடுத்த தவணையில் பொலிஸ்காரருக்குக் காய்ச்சல். அவர் வந்த நாட்களில் குஞ்சியப்பாவும் அவரும் கோட்டு விறாந்தையில் ஒரே மர வாங்கில் இருந்து கடலை கொறித்தார்கள்.

"அண்ணை, இப்பவும் ஒண்டும் குடிமுழுகேல்லை. உள்ளை போய் ஓம் எண்டு சொல்லுங்கோ."

"நான் எப்பவோ சொல்லியிருப்பன். அண்ணர் விடுறாரில்லை."

"உங்களுக்கு அண்ணர், எனக்கு இன்ஸ்பெக்டர்" என்றார் பொலிஸ்காரர். இருவரும் சிரித்தார்கள்.

தை இருபத்தைந்தாம் திகதிபோலத் தந்தி வந்தது. கப்பல் வந்துவிட்டது, கடதாசிகளோடு உடனே வா. குஞ்சியப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். அம்மாதான் பேசினார். "இண்டைக்கே பொலிசிலை போய்க் கேட்டுப் பாக்கட்டுமே. தந்தால் போறான்."

"வழக்கு நிக்கேக்கை பத்திரம் கேக்கிறதோ? நாங்களே போய்த் தலையைக் குடுக்கிற மாதிரி. அடுத்த தவணையிலை முடியும். கப்பல் அதுக்குள்ளை எங்கை ஓடப்போகுது?"

கப்பல்கள் ஓடுவதற்குத்தான் இருக்கின்றன என்பதைச் சுற்றிவரக் கடலுள்ள வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் இரண்டாவது தந்தி வந்தது. அந்த இடத்துக்கு வேறொரு பெடியனை ஏற்றிக்கொண்டு கப்பல் போய்விட்டது. குஞ்சியப்பா அதை வாசித்துவிட்டு வெளியே போய், சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார். இருட்டும்வரை துடைத்தார். நான் பக்கத்தில் நின்று, மட்கார்ட்டில் இன்னும் ஓரிடத்தில் அழுக்கு இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தேன். அந்த இடத்தையும் துடைத்தார்.

மாசியில் வழக்கை வென்றோம். அளவைப் படத்தை விரித்தபோது நீதவானின் மேசை போதவில்லை. துண்டில் இடத்தை முன்கூட்டியே எழுதியதாகப் பொலிஸ்காரர் ஒத்துக்கொண்டார். குஞ்சியப்பா விடுதலை. கோட்டடித் தேத்தண்ணிக் கடையில் பெரியப்பா எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்து, முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் என் தலையைத் தொட்டுக் காட்டினார். "உவள் பிள்ளைதான் பிடிச்சது. உவள் இல்லாட்டி வழக்கே இல்லை." அப்படியொரு பாராட்டு அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. குஞ்சியப்பா தன் வடையை என்னிடம் நீட்டினார். வென்றதற்கான பரிசு என்று நினைத்து அதையும் தின்றேன்.

இன்னொரு கப்பல் வரக்கூடும் என்று அம்மா ஆறுதல் சொன்னதில், அடுத்த கிழமை குஞ்சியப்பா பத்திரம் எடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது தாம்போதி தொடங்கும் இடத்தில் இறங்கி, என்னைப் பாரிலேயே இருக்க விட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். "இனி ஏறி ஓடலாம் குஞ்சியப்பா, நாங்கள் வழக்கு வெண்டிட்டமெல்லோ!" என்றேன். அவர் உருட்டிக்கொண்டே நடந்தார். பொலிஸுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். மறுகரைவரை அவருடைய தைரியக் குறைவை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டே வந்தேன்.

வேறு கப்பல் வரவில்லை. அந்தப் பத்திரம் அலுமாரியில் மஞ்சளாகிப் போனது. பின்னாளில் போரால் தீவே வெளிக்கிட்டு வெறிச்சோடிய காலத்திலும், போகலாம் என்று கேட்டவர்களிடம் அவர், நீங்கள் போங்கோ என்றார். கலியாணம் கட்டவில்லை. பெரியப்பாவை ஒருநாளும் கடிந்ததில்லை. என்னையும்தான்.

நாங்கள் போன அன்றைக்குப் பொலிஸ் நிலையத்தில் பத்திரம் எழுத ஒரு கிழட்டுச் சார்ஜன்ட் இருந்தார். பத்து நிமிடத்தில் எழுதிவிட்டார். குஞ்சியப்பா தீர்ப்பின் பிரதியை மேசையில் விரித்து, வழக்கு வென்றாயிற்று, அதையும் பாருங்கள் என்றார். சார்ஜன்ட் அதைப் பாராமலே திரும்ப அவர் பக்கம் தள்ளிவிட்டார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நான் நினைத்தேன்.

"உந்தத் தீர்ப்பை வீட்டை கொண்டுபோய் வையும் தம்பி. சைக்கிள் வழக்கை ஆர் இதிலை எழுதிறது? நீர் ஐப்பசியிலை வந்து கேட்டிருந்தாலும் இதே கடதாசியைத்தான் தந்திருப்பம்."