கந்தப்பளைப் பச்சை

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் நஸார் நானாவின் அச்சகம். அங்கே மை கலக்குகிறவள் டோரீன். திருவிழா நோட்டீசின் ஊதாவும் கல்யாண அட்டையின் பொன்னிறமும் அவள் கைவண்ணம்தான். ஆனாலும் கேட்டுப் பாருங்கள், "பச்சைதாங்க எனக்குச் சோறு போடுது" என்பாள்.

பொய்யில்லை. கந்தப்பளையில் தேயிலையைப் பொதி செய்து விற்கும் சிங்கள முதலாளி ரணசிங்க மாத்தயாவின் பச்சை லேபல்தான் அந்த அச்சகத்தை நிமிர்த்தி வைத்திருந்தது. மற்ற வேலையெல்லாம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ரணசிங்க வேறு பிரஸ் பார்த்துப் போய்விட்டால் நஸார் நானா மெஷினை மூடிவிட்டு, மனைவி றுக்கையாவின் புத்தகக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். டோரீனோ மறுபடி கொழும்புக்குப் போக வேண்டும்.

கொழும்பு என்றாலே அவளுக்கு ஆகாது. அக்கரப்பத்தனைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். மகள் ஏஞ்சலா அவளை "அம்மா" என்று கூப்பிட்டதெல்லாம் போனில்தான். தேவாலயத்தில் பிள்ளையின் முதல் நன்மைச் சடங்குக்கு லீவில் வந்தவள், அட்டை அடிக்க நஸார் நானாவிடம் போனாள். மாதா முக்காட்டின் நீலம் சரியில்லை என்றாள். மாற்றிக் காட்டினார். இன்னும் சரியில்லை என்றாள். மறுபடி மாற்றினார். உதட்டைப் பிதுக்கினாள். மனிதருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அப்ப நீயே வந்து கலக்கு!" என்று மை கலக்கும் கத்தியை மேசையில் போட்டார். இவளுக்கும் ரோஷம் குறைவா? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கலக்கினாள். நானா அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கொழும்புல என்னத்த வேலை? இங்க வா" என்றார்.

"நானாவோட அந்தக் கோவத்துக்குத்தான் நான் இன்னமும் மெழுகுவத்தி கொளுத்துறேன்" என்பாள் டோரீன். அன்றிலிருந்து சாயங்கால பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய் மகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன பாக்கியம் வேண்டும், சொல்லுங்கள்!

இப்படி இருக்கையில்தான் அந்தத் தொலைபேசி வந்தது. டோரீன்தான் எடுத்தாள். கடதாசிக்குத் தட்டுப்பாடு வந்து ஊரெல்லாம் அல்லாடிய நேரம். ரணசிங்க பஸ்ஸில் போய்க்கொண்டே பேசினார். இரைச்சலில் பாதி காற்றோடு போயிற்று. வழக்கமான லேபல், வெள்ளிக்கிழமை வேண்டும் என்றார். கடைசியாகச் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது: "கொல வெனஸ் கரண்ட எபா."

மாற்றிவிடாதே என்கிறார். எதை? கொலயை. சிங்களத்தில் கொல என்றால் பச்சை. அது மலைநாட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். டோரீனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "நானா, மாத்தயா நம்ம பச்சையப் பத்தித்தான் பேசுறாரு. மாத்தக் கூடாதாம்!"

ஆனால் அந்த வாரம் வழக்கமான சொரசொரப்புக் கடதாசி மொத்தக் கடையில் இல்லை. நஸார் நானா பளபளவென்று ஒன்றை வாங்கி வந்தார். "இது அதவிட உசத்தி, மாத்தயா சந்தோஷப்படுவாரு" என்றார். டோரீன் பழைய அளவிலேயே மை கலக்கி, விரல் நுனியால் அந்தத் தாளில் தட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், திடுக்கிட்டாள். பழைய கடதாசி மையைக் குடித்து அடக்கும். இந்தப் புதுசோ மையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பச்சை கண்ணைக் குத்தியது.

விடுவாளா? துளி சிவப்பு விட்டு அடக்கினாள். கூடிப்போயிற்று. மஞ்சள் சேர்த்தாள். டியூப் லைட்டை நம்பாமல் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடினாள். அங்கே பனிமூட்டம் மறைத்தது. அது விலகும்வரை நின்று, பழைய லேபலோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். கடைசியில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல அவளுக்கே முடியவில்லை. நானா மெஷினை ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை ரணசிங்க வந்தார். கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். நிறத்தைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் தடவினார், மடித்தார், முகம் சுருங்கியது.

"டோரீன் நங்கி, கொல மாத்த வேணாம் சொன்னேன்தானே?"

"ஐயோ மாத்தயா, மாத்தலீங்க! வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, அதே பச்சை!"

"பச்சை இல்ல நங்கி. இது, இது!" என்று கடதாசியைப் படபடவென்று ஆட்டினார்.

அப்போதுதான் உறைத்தது. கடதாசித் தாளும் சிங்களத்தில் கொலதான். கந்தப்பளைக் குளிரில் மாவுப்பசை தடவிக் கையால் ஒட்டுகிறார்கள். பளபளப்புத் தாளில் பசை பிடிக்காது, விடிவதற்குள் உரிந்து தொங்கும். அதைத்தான் மனிதர் அவ்வளவு சொல்லியிருக்கிறார். இவளுக்குத்தான் உலகமே மையாக இருந்ததே! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கொழும்பு பஸ் கண் முன்னால் வந்து நின்றது.

நஸார் நானா அவளைத் திட்டியிருக்கலாம். போனைக் கேட்டது அவள்தானே? மனிதர் முன்னால் வந்து நின்றார். "தாள மாத்தினது நான் மாத்தயா. கேக்காம செஞ்சது என் பிழை. அந்திக்குள்ள அடிச்சுத் தாறோம்." பிறகு அவள் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "கொலயக் கொலை பண்ணிட்டோம் புள்ள. அழுறத அப்புறம் வச்சுக்க."

அந்திக்குள் அடிக்கத் தாளுக்கு எங்கே போவது? றுக்கையா ராத்தா கடைக்குள்ளிருந்து அந்தச் சொரசொரப்புத் தாள் கட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நோட்டீசுக்கென்று பத்திரப்படுத்தி வைத்தது. "அவங்களுக்கு அடுத்த கிழமை பாப்போம். நீ கலக்கு டோரீன்" என்றாள்.

அடக்கிய மை இந்தத் தாளில் சேறாய்த் தெரியும். வழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். கடைசியாகத் தட்டிப் பார்த்த தாளை ரணசிங்கவிடம் நீட்டி, "பச்சை சரியாங்க மாத்தயா?" என்று கேட்டாள்.

மனிதர் சங்கடத்தோடு சிரித்தார். "எனக்கு என்ன தெரியும் நங்கி? எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணு. பொறந்ததுல இருந்தே அப்படி."

டோரீன் வாயைப் பிளந்தாள். அடக் கடவுளே! இத்தனை காலம் மூட்டம் விலகக் காத்து நின்றதெல்லாம் இந்தக் கண்ணுக்கா?

"பொதி கட்டுற எடத்துல நாகலெட்சுமிதான் பாக்கும்" என்றார் அவர். "லேபல் போனா ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பழசோட வச்சுப் பாக்கும். அது சரி சொன்னாத்தான் ஒட்டுவாங்க. அது சொல்லித்தான் நான் உங்ககிட்டயே வாறேன்."

லேபல் கட்டுகள் மத்தியானத்துக்குப் பின் வான் வண்டியில் ஏறின. டோரீன் கத்தியைத் துடைத்தாள், மை கலக்கும் கண்ணாடிப் பலகையைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். அந்தியில் போன் அடித்தது. பழக்கமில்லாத பெண் குரல்.

"அக்கா, நான் கந்தப்பளையில இருந்து நாகலெட்சுமி பேசுறேங்க. கொல வந்துருச்சு. நல்லா இருக்குங்க."

இந்தத் தடவை ஏமாற டோரீன் தயாரில்லை. "எந்தக் கொலம்மா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ரெண்டுந்தாங்க அக்கா."

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானாவிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பஸ் பிடிக்க ஓடினாள்.