யஸ்வந்த்கி அம்மா அவசரம்

ஐந்து நிமிடம். திருப்பதியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், பெற்றவள் தன் பிள்ளையைப் பார்க்க ஒரு நாளைக்குக் கொடுப்பது அவ்வளவுதான். மாலை ஐந்து மணிக்கு. இதை மறக்க வேண்டாம்.

ஸ்ரீதேவிக்குப் பிறந்த வீடு ஊத்துக்கோட்டைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது எல்லை தாண்டி ஆந்திராவின் பிச்சாட்டூரில். கணவன் ரகுவுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். அவளுக்குத் தெரிந்த தெலுங்கு பஸ்ஸுக்கும் காய்கறிக்கும் போதும். நான்கு வயது யஸ்வந்துக்கு நிமோனியா முற்றி, மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அன்றிலிருந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருக்கிற இரும்பு நாற்காலியில்தான் கிடக்கிறாள். உள்ளே என்ன நடக்கிறதென்று சொல்ல ஆளில்லை. கேட்டால் "டாக்டர்காரு செப்தாரு", டாக்டர் சொல்வார் என்பார்கள். டாக்டர் வருவார், ரகுவிடம் தெலுங்கும் இங்கிலீஷுமாகப் பேசுவார், போவார். பெற்றவள் பக்கம் திரும்பமாட்டார்.

ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் ரகு ஒன்றையே சொல்வான். "எதுனா அவசரம்னா ஒடனே போன் பண்ணு. நான் வராம எதுலயும் கையெழுத்து போட்டுடாத."

புதன்கிழமை மதியம் குழாயை எடுத்துவிட்டார்கள். அதையும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. கதவு திறந்தது. நர்ஸ் தலையை மட்டும் நீட்டி, "யஸ்வந்த்கி அம்மா அவசரம்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

அந்த மாடியில் சிக்னல் கிடையாது. ஸ்ரீதேவி படியிறங்கி ஓடி, வாசலில் நின்று ரகுவைக் கூப்பிட்டாள்.

"அவசரம்ன்றாங்க. கிளம்பி வா. எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல."

"என்னான்னு கேட்டியா?"

"கதவ சாத்திக்கினாங்க. யாரப் போய் கேக்கறது?"

அவள் மேலே வந்தபோது, டீ குடிக்கப் போயிருந்த காவலாளி இஸ்மாயில் கதவருகே நின்றிருந்தார்.

"எங்கம்மா போய்ட்ட? புள்ள கண்ணு முழிச்சி அம்மா அம்மான்னு அழுதுனு இருந்தானாம். உன்ன கூப்ட்டாங்களாம்."

"அவசரம்னாங்களே அண்ணா. அதான் அவருக்கு போன் பண்ண ஓடனேன்."

"அய்ய. தெலுங்குல அவசரம்னா வேணும்னு அர்த்தம்மா. புள்ளைக்கு அம்மா வேணும்னு சொல்லிக்கிறாங்க. நீ நெனைக்கிற அவசரத்துக்கு இவுங்க அர்ஜென்ட்டும்பாங்க."

"சரி, இப்ப உடுங்கண்ணா."

"அழுது அழுது மூச்சு வாங்கிச்சாம். தூங்க ஊசி போட்டுட்டாங்க. இன்னிக்கி அஞ்சு மணிக்கும் உடமாட்டாங்களாம்."

நர்ஸைத் திட்டிப் பயனில்லை. அந்தப் பெண் ஒருத்தியாக எத்தனை படுக்கைக்கு ஓடுவாள்? திட்ட வேண்டியது நிர்வாகத்தை. புத்தூர், நகரி, சத்தியவேடு என்று எல்லைத் தமிழர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற இடம் அது. காவலாளி டீ குடிக்கப் போனால், தமிழ் பேச வேறு ஒரு ஆளை அந்தக் கதவருகே உட்கார வைக்கவில்லை. பில் போடுகிற கவுண்டரில் மட்டும் வைத்திருக்கிறார்கள். அங்கே நல்ல தமிழ்.

சாயங்காலம் ரகு ஹெல்மெட்டோடு மாடியேறி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் சுவரில் கையை ஓங்கி அறைந்தான்.

"கதவ தட்டி உள்ள போயிருக்கலாமே. எனக்கு எதுக்கு போன் பண்ண?"

"நீதான சொன்ன, போன் பண்ணுன்னு."

ஐந்து மணி அடித்தது. கதவு திறந்தது, மற்ற அம்மாக்கள் உள்ளே போனார்கள்.

புதன்கிழமை ஸ்ரீதேவிக்குக் கிடைத்தது பூஜ்ஜியம் நிமிடம்.